கழிவுநீரின் ஆறு: கோவையின் பாதாளச் சாக்கடையும் நொய்யலின் கீழ்க்கரையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தத் தலைப்பைக் கேட்டதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிய பேச்சு என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையில் பேனா இருக்கட்டும். கொஞ்சம் பெருக்கல் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி, விரிவாக்கப்பட்ட கோவை மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 16 லட்சம் பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் கையேடு சொல்லும் அளவு. அதில் 80 விழுக்காடு சாக்கடையாகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. பெருக்கிப் பார்த்தால் நாளுக்கு 17 கோடியே 28 லட்சம் லிட்டர். அவர்கள் பாஷையில் 173 எம்.எல்.டி., அதாவது நாளுக்கு 173 மில்லியன் லிட்டர். இதையே ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 2.2 டி.எம்.சி. வருகிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொங்கு மக்கள் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோக வேண்டிய தண்ணீர் 1.5 டி.எம்.சி.தான். அந்தத் திட்டத்துக்காக உண்ணாவிரதம் இருந்தோம், மனிதச் சங்கிலி பிடித்தோம், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி வாங்கினோம். அதைவிடப் பெரிய ஒரு நீரோட்டம் நம் குளியலறைகளிலிருந்து கிளம்பி நொய்யலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசியதெல்லாம் நாற்றம் அடிக்கிறதா இல்லையா என்கிற அளவில் நின்றுவிட்டது.

சுத்திகரிப்பு நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது இன்றைய பேச்சு அல்ல. வேண்டும், இன்னும் பல வேண்டும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாக இசைவாணை தருகிறோம். ஆற்றில் எல்லாம் ஒன்றாகச் சேருகிறது. சேர்ந்து என்ன ஆகிறது என்று கூட்டிப் பார்க்கும்படி எந்த விதியும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

முதலில் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நொய்யலின் தண்ணீர் இது இல்லை. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் பிறந்து, பேரூரைத் தொட்டு, நகரத்தின் தெற்கு விளிம்பை உரசிக்கொண்டு போகும் அந்த ஆறு கோவைக்குக் குடிநீர் தருவதில்லை. நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சிறுவாணி, கேரளத்து அட்டப்பாடியில் பவானியில் கலக்கும் ஆறு. பில்லூர் அணை பவானியின் குறுக்கே நிற்கிறது. பில்லூர் முதல் திட்டம், இரண்டாம் திட்டம், மூன்றாம் திட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தவை எல்லாம் பவானித் தண்ணீர். தெற்கே குறிச்சி, குனியமுத்தூர்ப் பகுதிக்கு ஆழியாற்றிலிருந்து வருகிறது. அது பாரதப்புழைப் படுகை. ஆக, இரண்டு வேறு படுகைகளின் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து, வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, மூன்றாவதான நொய்யல் படுகையில் கொட்டுகிறோம்.

பவானியையும் நொய்யலையும் இணைப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் பவானியில் தொடங்கி, 90 கிலோமீட்டர் அளவுக்கு வளைந்து வளைந்து போய், கொடுமுடி அருகே நொய்யலில் முடிகிறது. அவன் வயல் வழியாக இணைத்தான். நாம் கழிப்பறை வழியாக இணைத்திருக்கிறோம். காலிங்கராயன் வாய்க்காலுக்கு ஆயக்கட்டு உண்டு, மதகு உண்டு, யாருக்கு எப்போது எவ்வளவு என்ற முறை உண்டு. நாம் வெட்டிய வாய்க்காலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத மழை மறைவுப் பிரதேசம் இது. தென்மேற்குப் பருவத்தில் மலையில் பெய்தால் சில நாள், வடகிழக்குப் பருவத்தில் சில நாள் என்றுதான் நொய்யலில் வெள்ளம் பார்க்க முடியும். மற்ற மாதங்களில் மணல் தெரிய வேண்டிய ஆறு. இன்று சூலூருக்குக் கீழே கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது என்றால் அது ஊற்று அல்ல, நம் குழாயடி. ஆற்றில் நல்ல தண்ணீர் இருந்து அதில் சாக்கடை கலந்தால் கரைந்து நீர்த்துப்போகும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே கரைய ஆறு இல்லை. வருஷத்தில் பெரும்பகுதி சாக்கடையே ஆறு.

இந்த நிலைக்கு நாம் எப்படி வந்தோம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நொய்யலில் வரிசையாக அணைக்கட்டுகள். முதலில் சித்திரைச்சாவடி, அப்புறம் குனியமுத்தூர், கோயமுத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர், இன்னும் கீழே பல. ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் கிளம்பிக் குளங்களை நிரப்பும். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரு குளத்தின் கலிங்கு வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். வெள்ள நாட்களின் தண்ணீரைப் பிடித்து வறண்ட மாதங்களுக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஊர் பெருத்தபோது இந்த வாய்க்கால்களே சாக்கடைக்கும் வழியாகிவிட்டன. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதானே சாக்கடையும் போகும்? வடக்கே சங்கனூர்ப் பள்ளமும் அதே கதிதான்.

பழைய நகராட்சிக்கு உக்கடத்தில் கழிவுநீர்ப் பண்ணை இருந்தது. சாக்கடையைப் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள். புல்லுக்காடு என்று இன்றைக்கும் அங்கே ஒரு பகுதிக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பண்ணை மண்ணை வேளாண் விஞ்ஞானிகள் பலமுறை ஆராய்ந்திருக்கிறார்கள். முலாம் பூசும் பட்டறைகளும் வார்ப்பட ஆலைகளும் நிறைந்த ஊரின் சாக்கடை என்பதால் ஈயம், குரோமியம், நிக்கல் என்று தேட வேண்டிய பொருள்கள் இருந்தன.

நவீன ஏற்பாடு ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தோடு வந்தது. 377 கோடி ரூபாய் மதிப்பில் பாதாளச் சாக்கடை. உக்கடத்தில் 70 எம்.எல்.டி., ஒண்டிப்புதூரில் 60, நஞ்சுண்டாபுரத்தில் 40 என்று மூன்று நிலையங்கள். மொத்தம் 170. உக்கடம் நிலையம் முதலில் வந்தது. தொட்டியில் கழிவுநீரை நிரப்பி, காற்றூதி, நுண்ணுயிர்களைத் தின்னவிட்டு, படியவைத்து, தெளிந்ததை இறுத்து வெளியேற்றும் முறை. நல்ல முறைதான். ஆனால் நிலையம் ரெடியான பிறகும் வீடுகளை இணைக்கும் வேலை இழுத்துக்கொண்டே போனதால் பல ஆண்டுகள் அதன் கொள்ளளவு நிரம்பவில்லை. நஞ்சுண்டாபுரத்தில் சுற்றிக் குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள், வழக்கு நடந்தது, வருஷங்கள் ஓடின. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தன் வீட்டு வாசலில் ஊர்ச் சாக்கடை வந்து சேருவதை யார்தான் வரவேற்பார்கள்? ஆனால் அந்த இழுபறி நடந்த காலமெல்லாம் அந்தப் பகுதியின் கழிவுநீர் நேராக ஆற்றுக்குப் போனது என்பதும் உண்மை. அதைப் பற்றி வழக்குப் போட ஆற்றுக்கு வக்கீல் இல்லை.

திட்டம் பழைய 72 வார்டுகளை மனத்தில் வைத்துப் போட்டது. 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளும் வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி முதலான பேரூராட்சிகளும் சேர்ந்து 100 வார்டுகளாயின. பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் பெருத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு திட்டம், ஒவ்வொரு நிதி. குறிச்சி, குனியமுத்தூருக்குத் தனித் திட்டம், அதற்கு வெள்ளலூரில் நிலையம். ஒவ்வொன்றுக்கும் தனி விரிவான திட்ட அறிக்கை, தனி இசைவாணை.

இப்போது பேனாவை எடுங்கள். ஒரு மனிதனிடமிருந்து நாளொன்றுக்கு 27 கிராம் பி.ஓ.டி. வருகிறது என்று மத்தியக் கையேடு கணக்குப் போடுகிறது. பி.ஓ.டி. என்றால், தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் கேட்கும் என்ற அளவு. 16 லட்சம் பேருக்கு அது 43 டன். நல்ல நிலையம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு இறக்கினால், 173 எம்.எல்.டி.யில் மிஞ்சுவது 1.7 டன்தான். 43 டன் 1.7 டன்னாகக் குறைகிறது. இதைச் சாதிக்கும் நிலையத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

உப்புக்கு வருவோம். வீட்டுக்குள் ஒருமுறை போய்வந்த தண்ணீரில் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் கூடுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். சோறு, சிறுநீர், சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் சேர்ந்த கணக்கு. நடுவில் 250 என்று வைத்தால் நாளுக்கு 43 டன். நிலையத்துக்குள் போவது 43 டன். வெளியே வருவதும் 43 டன். நுண்ணுயிர் உப்பைத் தின்னாது. இதில் நம் ஊர் வழக்கம் வேறு: குடிக்கச் சிறுவாணித் தண்ணி, துவைக்கவும் குளிக்கவும் ஆயிரம் அடி போரிலிருந்து உப்புத் தண்ணி. அந்தப் போர்த் தண்ணீரின் உப்பு இந்த 43 டன்னில் சேரவே இல்லை. ஆண்டுக்குக் கணக்கிட்டால் வீட்டு உப்பு மட்டும் பதினைந்தாயிரம் டன்னைத் தாண்டுகிறது.

இதில்தான் நம் தர நிர்ணயத்தின் ஓட்டை தெரிகிறது. நம் தர வரம்புகள் எல்லாம் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று பேசுகின்றன. எத்தனை லிட்டர் என்று கேட்பதில்லை. நம் பால் சொசைட்டியில் கொழுப்பு எத்தனை என்று பார்ப்பார்கள், லிட்டர் எத்தனை என்றும் எழுதுவார்கள். இரண்டையும் பெருக்கினால்தான் பணம். ஆற்றுக்கு மட்டும் கொழுப்பை எழுதிக்கொண்டு லிட்டரை விட்டுவிட்டோம். நிலையம் 70-லிருந்து 140 ஆனாலும், லிட்டருக்கு 10 என்ற வரம்புக்குள் இருந்தால் அறிக்கையில் நிறைவு. ஆற்றில் விழும் எடை இரட்டிப்பானது எந்தக் கட்டத்திலும் வராது.

அந்த 10 என்ற எண்ணும் சுலபமாக வந்ததல்ல. 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெருநகர நிலையங்களுக்கு பி.ஓ.டி. 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று தளர்த்தி அறிவித்தது. நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டையும் விட்டுவிட்டது. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பி.ஓ.டி. 10, மொத்த நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்று இறுக்கியது. தீர்ப்பாயத்தின் கடுமையான எண்ணை வைத்துப் பார்த்தாலும், 173 எம்.எல்.டி.க்கு நாளொன்றுக்கு 173 கிலோ பாஸ்பரஸ் போகும். வருஷத்துக்கு 63 டன். குளங்களில் ஆகாயத்தாமரை ஏன் எடுக்க எடுக்க முளைக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஒருபக்கம் உரம் போட்டுக்கொண்டே மறுபக்கம் களை எடுக்க ஒப்பந்தப்புள்ளி கோருகிறோம்.

உப்பைப் பற்றிச் சொன்னேன். அதன் சேர்க்கை என்ன செய்யும் என்பதை உலகத்துக்கே காட்டிய இடம் நம்மிடம் இருக்கிறது: ஒரத்துப்பாளையம். 1992-இல் நொய்யலில் கட்டிய அணை. ஈரோடு, கரூர் பக்கம் சுமார் 20 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். மேலே திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி வளர்ந்த அதே காலம். பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். துணியில் சாயம் நிற்கும், உப்பு தண்ணீரோடு வெளியேறும். நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னது. எல்லாவற்றின் தண்ணீரும் ஒரு சுவரில் போய் முட்டி நின்றபோதுதான் கூட்டுத்தொகை தெரிந்தது. சில ஆண்டுகளிலேயே, அணையைத் திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கெஞ்சினார்கள். தண்ணீர் வேண்டும் என்று மதகை உடைத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. தண்ணீரே வேண்டாம் என்று ஆயக்கட்டுதாரர் நீதிமன்றம் போன கதை நமக்குத்தான் வாய்த்தது.

கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. 1990-களின் இறுதியில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. நிறத்தை எடுத்தன, பி.ஓ.டி.யைக் குறைத்தன. உப்பு அப்படியே கடந்துபோனது. கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு காகிதத்தில் இருந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற நிலைக்கு வரும்படி உத்தரவிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரியில் எல்லாச் சாய ஆலைகளையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்குப் பிறகு எதிர்ச்சவ்வூடுபரவல், ஆவியாக்கி என்று பெருஞ்செலவில் உப்பைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு வந்தது. திருப்பூர் அந்த அடியைத் தாங்கி எழுந்தது பெரிய காரியம்.

வீட்டுச் சாக்கடையின் உப்பு சாயக்கழிவின் உப்பைப் போல அடர்த்தியானதல்ல. பல மடங்கு குறைவு. பயமுறுத்த வரவில்லை. ஆனால் அது ஓய்வில்லாமல் வருகிறது, ஆண்டுதோறும் கூடுகிறது, வழியிலேயே அடர்த்தியும் ஏறுகிறது. சூலூர்ப் பக்கம் ஒரு விவசாயி அதைத் தென்னைக்கோ தீவனச் சோளத்துக்கோ பாய்ச்சுகிறார். பயிர் தண்ணீரைக் குடித்து உப்பை மண்ணில் விட்டுவிடுகிறது. கசிந்த மிச்சம் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் திரும்புகிறது. கீழே சாமளாபுரத்தில் இன்னொருவர் அதையே எடுக்கிறார். குளத்தில் நிற்கும் தண்ணீர் நம் வெயிலில் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. சோடியம் ஏறிய களிமண் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. பல்லடம், சூலூர்க் கரிசலில் இது கூடுதல் தொல்லை. மழை வந்து கழுவிவிடும் என்று நம்ப, நம் மழை அவ்வளவு தாராளமானதல்ல.

அடுத்தது நிலத்தடி நீர். பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டில் செப்டிக் டேங்க், அதை ஒட்டி உறிஞ்சுகுழி. அந்தத் தண்ணீர் தெருவுக்கு அடியிலேயே இறங்குகிறது. நைட்ரேட் ஏறுவதும் அதனால்தான். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற இந்தியத் தர வரம்பைத் தாண்டிய கிணறுகள் நகர்ப்புறங்களில் அபூர்வமல்ல. அதே தண்ணீர்தான் அந்தத் தெருவின் போர்களுக்கு ஓரளவு ஊறிக்கொடுத்துக்கொண்டும் இருந்தது. குழாய் போட்டு இணைத்தால் நைட்ரேட் வரத்து நிற்கும், ஊறலும் நிற்கும். வடவள்ளியில் இறங்கிக்கொண்டிருந்தது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலையத்தின் வாயில் ஒரே இடத்தில் விழும். இது நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. நம் அடியில் இருப்பது கடினப்பாறை, விரிசல்களில்தான் தண்ணீர். எங்கே ஊறலை நிறுத்துகிறோம், எங்கே புதிதாக ஊட்டுகிறோம் என்று வரைபடத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த வரைபடம் திட்ட அறிக்கையின் பகுதியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

குளங்களின் விஷயமும் இப்படித்தான் இருதலைச் சிக்கல். உக்கடத்திலும் வாலாங்குளத்திலும் ஸ்மார்ட் சிட்டி நடைபாதையில் மாலையில் குடும்பத்தோடு நடக்கிறோம். அந்தக் குளங்களில் கோடையில் நிற்கும் தண்ணீரில் பெரும்பங்கு எது என்று நமக்குத் தெரியும். சாக்கடையை முழுக்கத் தடுத்துக் குழாயில் திருப்பிவிட்டால் நாற்றம் போகும், நீர்மட்டமும் இறங்கும். சுத்திகரித்ததைத் திரும்பக் குளத்துக்கு விட்டால் மட்டம் நிற்கும், பாஸ்பரஸ் வரும். திருப்பூர் அருகே நஞ்சராயன் குளம் 2024-இல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. நகரத்தின் வடிகால் தண்ணீரும் சேரும் குளம்தான் அது. அங்கே பறவைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. பறவை வந்தால் தண்ணீர் சுத்தம் என்று பொருளல்ல. சாக்கடை என்பதற்காகத் தண்ணீரையே நிறுத்திவிட்டால் பறவைக்குப் போக்கிடம் இல்லை என்பதும் நிஜம்.

மழை நாளைப் பற்றி ஒரு வார்த்தை. கோவை லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நின்றால் நாளிதழில் படம் வரும். அதே நேரத்தில் மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் புகுந்து, ஆள்நுழைவுக் குழி பொங்கி, சுத்திகரிக்காத கழிவு வாய்க்காலுக்குப் போவதற்குப் படம் வராது. முதல் வெள்ளத்தில் நொய்யலில் பொங்கும் நுரை மட்டும் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பட்டியலில் இருக்கிறது. நகராட்சியின் கழிவுநீர் நிலையம் இல்லை. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை போதும். அதுவும் நிலையம் நிலையமாக. கலிபோர்னியாவில் 1970-இல் வந்த சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், ஒரு நகரம் தன் கழிவுநீர் ஏற்பாட்டைப் பெருக்க நினைத்தால், முன்பு செய்ததும் இனிச் செய்யப்போவதும் அக்கம்பக்கத்து ஊர்கள் செய்வதும் சேர்ந்து ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன ஆகும் என்று தனியே எழுதியாக வேண்டும். அங்கே எல்லாம் தேவலோகம் என்று சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான பக்கம் எழுதிக் கடைசியில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று முடிக்கும் கலையை அங்கேயும் கற்றிருக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் அதைப் படித்துக் கேள்வி கேட்க ஒரு தாள் இருக்கிறது. நம்மிடம் தாளே இல்லை.

இனி வரப்போகும் சிக்கல் இதைவிடப் பெரிது. சுத்திகரித்த தண்ணீருக்கு இப்போது விலை வந்துவிட்டது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் தலா 45 எம்.எல்.டி. கொள்ளளவுள்ள நிலையங்களில் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடுபரவல் வரை கொண்டுபோய்த் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். பெங்களூரு 2018 முதல் தன் கழிவுநீரைக் கோலார் ஏரிகளுக்கு இறைக்கிறது. அதே பெங்களூரின் சாக்கடை தென்பெண்ணையில் வந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதைப் பார்த்து நாம் ஆத்திரப்படுகிறோம், ஆத்திரப்பட வேண்டியதுதான். ஒன்று யோசித்துப் பாருங்கள். கெலவரப்பள்ளிக்கு பெங்களூரு எப்படியோ, அப்படித்தான் ஒரத்துப்பாளையத்துக்குக் கோவையும் திருப்பூரும்.

நாளைக்குக் கோவையின் 170 எம்.எல்.டி.யையும் தொழிற்பேட்டைகளுக்கு விற்றுவிட்டால் மாநகராட்சிக்கு வருமானம், ஆற்றில் அழுக்கு இல்லை, எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று தோன்றும். நொய்யல் கரையில் போய்க் கேட்டால், "சாக்கடைத் தண்ணியாச்சும் வருதுங்களே" என்பார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளாக அந்தத் தண்ணீரை நம்பித் தென்னை வைத்தவர்கள், தீவனம் போட்டு மாடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டாவில் உரிமை எழுதித் தரவில்லை. அசுத்தமான தண்ணீரை இத்தனை காலம் வாங்கிக்கொண்டவர்களிடம், சுத்தமானபின் உனக்குப் பாத்தியதை இல்லை என்று சொல்வது நியாயமா? மறுபக்கம், தொழிற்சாலைக்குச் சாக்கடையைத் தந்தால் பவானியிலிருந்து எடுப்பது அந்த அளவுக்குக் குறையலாம். கீழ்பவானிப் பாசனத்தின் இரண்டு லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு தண்ணீர் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பவானிக்காரருக்கு லாபம், நொய்யல்காரருக்கு நஷ்டம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசாமல், ஒப்பந்தப்புள்ளி வழியாக முடிவு செய்துவிடக் கூடாது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம். நொய்யலின் அணைக்கட்டுகள் நமக்கு முன்னோர் தந்த அளவுகோல்கள். சித்திரைச்சாவடியிலிருந்து ஒரத்துப்பாளையம் வரை ஆறேழு இடங்களில் நீரோட்டத்தையும் உப்பையும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அளந்து, அடர்த்தியாக அல்ல, நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று எழுதி வெளியிடலாம். செலவு ஒரு நடைபாதைக்கு ஆவதைவிடக் குறைவு. இனி வரும் ஒவ்வொரு இசைவாணையிலும், மற்ற நிலையங்களோடு சேர்த்து ஆற்றுக்குப் போகும் மொத்த எடை குறிக்கப்பட வேண்டும். கருத்துக்கேட்பு நடந்தால் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்காரர்களை மட்டும் அழைத்தால் போதாது. சூலூர், சாமளாபுரம், இன்னும் கீழே சின்னமுத்தூர் விவசாயிகளையும் அழைக்க வேண்டும். விற்பனைக்கு முன், ஆற்றுக்கும் பழைய பாசனத்துக்கும் இவ்வளவு என்று ஒதுக்கிய பிறகே மிச்சத்துக்கு விலை பேச வேண்டும். மாநகராட்சி, நீர்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், திருப்பூர் மாநகராட்சி நால்வரும் தனித்தனிக் கோப்பு வைத்திருக்கிறார்கள். நான்கையும் ஒரு கட்டாகக் கட்டத்தான் சொல்கிறேன்.

இந்த அவையில் மாமன்ற உறுப்பினர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் இருக்கக்கூடும். அடுத்த நிலையத்துக்கான தீர்மானம் மன்றத்துக்கு வரும்போது, இதையும் ஏற்கெனவே இருப்பவற்றையும் சேர்த்தால் நொய்யலில் நாளொன்றுக்கு எத்தனை டன் உப்பு விழும் என்று யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள். பதில் உடனே வராது. கேள்வியும் அதைக் கேட்டவர் பெயரும் கூட்டப் பதிவேட்டில் ஏறட்டும். அடுத்த கூட்டத்தில் அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.